எத்தனை பேர் ஏறும் கப்பல்?

கப்பல் சுற்றுலா விளம்பரங்களில் குடும்பம் என்றால் நான்கு பேர். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். நால்வரும் வெளிர் உடையில் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அறைக் கட்டணமும் ஏறக்குறைய இந்தப் படத்தை வைத்துத்தான் போடப்படுகிறது. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்பது அடிப்படைக் கணக்கு. பிள்ளைகளுக்குக் கூடுதல் படுக்கை. தனியாக வருகிறவர் பல கப்பல்களில் காலியாகக் கிடக்கும் இரண்டாவது படுக்கைக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும். கணவரை இழந்த அறுபத்தெட்டு வயதுப் பெண்ணும், கல்யாணம் செய்துகொள்ளாத நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணும் இந்தக் கணக்கில் தனித்தனியாக வந்தால் நஷ்டம், சேர்ந்து வந்தால் லாபம். 2018 தீபாவளிக்கு அண்ணன் கப்பல் பயணப் பேச்சை எடுத்தபோது அம்மாவும் நானும் இப்படித்தான் ஒரு ஜோடியானோம்.

அண்ணன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் கொண்டுவந்த திட்டம், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல். மூவாயிரம் பேருக்கு மேல் ஏறுவது. நீச்சல் குளம், நீர்ச்சறுக்கு, சூதாட்ட அரங்கு, நள்ளிரவிலும் திறந்திருக்கும் உணவுக்கூடம் எல்லாம் உண்டு. அண்ணன், மதினி, இரண்டு பிள்ளைகளுக்கும் பால்கனி வைத்த அறை. எனக்கும் அம்மாவுக்கும் கப்பலின் நடுவயிற்றில் ஜன்னல் இல்லாத அறை. “அம்மா தூங்கத்தான போறா, ஜன்னல் எதுக்கு?” என்றான். கரிசனம் இல்லாதவன் சொன்ன சொல் இல்லை இது. ஆறு பேருடைய விமானச் சீட்டையும் விசாவையும் கப்பல் கட்டணத்தையும் தன் கடன் அட்டையில் ஏற்றிக்கொள்ளத் தயாராக இருந்தவன் சொன்னது. ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்ததும் முதலில் அடைபடுவது யாருடைய ஜன்னல் என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கப்பல்ல அடுப்பு எங்கட்டி இருக்கும்?” என்றாள்.

இந்தக் கேள்வி விளங்க எங்கள் வீட்டைத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா சரக்குக் கப்பலில் பண்டாரி. தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கப்பல் சமையல்காரர். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு என்று இருபத்தேழு வருஷம் ஓடியது. கப்பலில் இருபத்தைந்து பேருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டவர், வீட்டிலிருக்கும் நாட்களில் தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடிக்க மாட்டார். “அங்க அடுப்புல வெந்து சாகுதேன், இங்கயாவது விடுங்க” என்பார். எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ‘இங்கயாவது’ என்று சொல்லிக்கொள்ள அம்மாவுக்கு இன்னோர் இடம் கிடையாது என்பது அப்போது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்தில் வேலை பார்த்தவள். ஓலைப் பெட்டியில் உப்பைத் தலைச்சுமையாகச் சுமந்து, வழுக்கும் வரப்பில் வெறுங்காலோடு நடந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீடு. அப்பா அனுப்பும் பணம் தாத்தா பெயருக்குத்தான் வரும். தாத்தா எண்ணிக் கொடுப்பதை வைத்து அம்மா வீட்டை நடத்துவாள். துறைமுகம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா வேலை பார்த்த எந்தக் கப்பலிலும் அவள் கால் வைத்ததில்லை. 2016இல் அப்பா இறந்தார். அவர் தன் வாழ்நாளில் பாதியை எந்த அடுப்புக்கு முன்னால் கழித்தார் என்பதை அம்மா பார்த்ததே இல்லை. அதைத்தான் அவள் கேட்டாள்.

நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தது நெய்தல் திணை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடலுக்குள் போகிறவன் ஆண். கரையில் நின்று மாலைப் பொழுதையும் ஊதைக் காற்றையும் பார்த்து வருந்துகிறவள் பெண். தொல்காப்பியம் இதை இலக்கணமாகவே சொல்கிறது. பொருளதிகாரத்து அகத்திணையியலில், பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல்வழி போகும் வழக்கம் இல்லை என்று பொருள்படும் நூற்பா ஒன்று உண்டு. அங்கே வரும் ‘முந்நீர்’ கடலைக் குறிக்கவில்லை, மூன்று வகைப் பிரிவைக் குறிக்கிறது என்று நச்சினார்க்கினியர் உரை சொல்வார். எந்த உரையைக் கொண்டாலும் தலைவி வீட்டில்தான் இருக்கிறாள். மணிமேகலைக் காப்பியத்தில் சாதுவன் கப்பலேறிப் போகிறான், கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவன் மனைவி ஆதிரை புகாரில் இருந்தபடி தீயில் இறங்குகிறாள். மணிமேகலை கடலைக் கடக்கிறாள்தான். ஆனால் முதல் முறை அவளைத் தெய்வம் தூக்கத்திலேயே எடுத்துப்போய் மணிபல்லவத்தில் வைக்கிறது. பிறகு அவள் மந்திரத்தால் பறக்கிறாள். வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு மாணவி சொன்னாள்: “அப்போ பறக்கலாம் மேடம், டிக்கெட் எடுத்து ஏறத்தான் கூடாது.”

இந்தத் தடை எல்லாப் பெண்களுக்கும் இருந்ததா என்று கேட்டால் வரலாறு வேறு பதில் சொல்கிறது. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் அந்த நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் அது. அதில் பெண்களும் இருந்தார்கள். பின்னாளில், நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது ஏற்றப்பட வேண்டும் என்பது ஒப்பந்தக் கூலி முறையின் விதியாகவே இருந்தது. காதலிக்கும் தலைவிக்குக் கடல் விலக்கு. கரும்பு வெட்டப் போகிறவளுக்கு அதே கடலில் விகிதாச்சாரம். நம் பாட்டிகள் கப்பலேறாதவர்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது நாம் யாருடைய பாட்டியைச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

பெரிய கப்பல் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, பெரிய கப்பல் மட்டம் என்பது காரணம் இல்லை. சொல்லப்போனால் மூட்டுவலிக்காரர்களுக்கு அதுதான் வசதி. ஆட்டம் குறைவு, மின்தூக்கி உண்டு, துறைமுகத்தில் அணைந்து நின்றால் பாலம் வழியாகச் சக்கர நாற்காலியிலேயே இறங்கிவிடலாம். சிறிய கப்பல் கூடுதலாக ஆடும். ஆனால் மூவாயிரம் பேர் இருக்கும் இடத்தில் கடல் என்பது ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு காட்சி. எங்களுக்கு வாய்த்த அறையிலோ அந்த ஜன்னலும் இல்லை. அங்கே போய் ஒரு கிழவி “அடுப்பு எங்க இருக்கு?” என்று கேட்டால் யார் நின்று பதில் சொல்வார்கள்?

விசாரித்துக்கொண்டே போனதில் கொச்சியில் வந்து நின்றேன். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் அரசுக் கப்பல்களில் சுற்றுலாப் பயணிகளும் போகலாம். 250 பேர் ஏறுவது, 400 பேர் ஏறுவது என்று பல அளவுகளில் கப்பல்கள் இருந்தன. சுற்றுலாத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது எம்.வி. கவரத்தி. விசாகப்பட்டினத்தில் கட்டிய கப்பல், 700 பேர் ஏறலாம். எங்கள் கல்லூரியில் முதலாமாண்டில் சேரும் மாணவிகள் அதைவிட அதிகம். ஐந்து நாள் பயணம். இரவில் கப்பலிலேயே தூக்கம், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று நாளுக்கு ஒரு தீவு. விசா வேண்டாம், கடவுச்சீட்டு வேண்டாம், தீவு நிர்வாகத்தின் நுழைவு அனுமதி போதும். 1956 நவம்பரில் ஒன்றியப் பகுதி ஆகும்வரை இந்தத் தீவுகள் சென்னை மாநிலத்தோடுதான் இருந்தன என்பதை அண்ணனிடம் சொன்னேன். “அதுக்காகப் போக முடியுமா?” என்றான்.

கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் உழைப்பு எப்படிப் பிரிகிறது என்பதை அந்த மாதத்தில் பார்த்தேன். முடிவெடுப்பது அண்ணன். விசாரிப்பது நான். ஆறு பேருடைய உடம்புக்கும் வயிற்றுக்கும் தேதிக்கும் அந்த முடிவைப் பொருத்துவது மதினி. நானும் மதினியும் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டவை எந்த விளம்பரத் தாளிலும் முன்பக்கத்தில் இருக்காது. கழிப்பறை அறைக்குள்ளேயா, நடைவழிக் கோடியிலா? கீழ்ப்படுக்கை உறுதியாகக் கிடைக்குமா? மருத்துவர் உண்டா? நான்கு பேர் அறையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து சேர்வார்களா? ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக மேல்தளத்தில் நின்றால் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்குப் பதில் எளிதாகக் கிடைத்தது. குடியிருப்புள்ள தீவுகளில் மதுவுக்குத் தடை, கப்பலிலும் மது கிடையாது. அண்ணனுக்கு அது குறை. மதினிக்கு அதுதான் அந்தக் கப்பலின் முதல் வசதி.

தேதி விஷயமும் இருந்தது. குடும்பச் சுற்றுலாவின் தேதியை எல்லா வீட்டிலும் இரண்டு நாட்காட்டிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று பள்ளி விடுமுறை. இன்னொன்றை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. பவளப்பாறைகளைப் பார்க்கக் கடலில் இறங்க வேண்டும் என்று பதினாலு வயது மகள் ஆசைப்படுகிறாள் என்றால், அந்த இரண்டாவது நாட்காட்டியை மனதுக்குள் எண்ணிப் பார்த்து, “கிறிஸ்துமஸ் லீவுல முதல் வாரம் வேண்டாம், ரெண்டாவது வாரம் வச்சுக்கலாம்” என்று சொல்ல ஓர் அம்மா வேண்டியிருக்கிறது. காரணத்தைச் சொல்லாமல் சொல்லவும் வேண்டியிருக்கிறது. “ஏன், முதல் வாரத்துக்கு என்ன?” என்று அண்ணன் கேட்டான். “அலை ஜாஸ்தி” என்றாள் மதினி.

உண்மையான தகராறு படகில் வந்தது. தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டு இருப்பதால் கப்பல் பெரும்பாலும் வெளியே ஆழத்திலேயே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவு திறக்கும். கீழே சின்னப் படகு வந்து ஒட்டும். அலை படகை மேலே தூக்கும் நொடியில் காலை எடுத்துப் படகில் வைக்க வேண்டும். மாலையில் அதே மாதிரி திரும்பி ஏற வேண்டும். இதைக் கேட்டதும் அண்ணன் தீர்மானமாகச் சொன்னான்: “அம்மாவுக்கு இது சரிப்படாது. ஒண்ணு பெரிய கப்பல்ல போவோம். இல்லன்னா அம்மா வீட்ல இருக்கட்டும். அவ பாதுகாப்புக்குத்தான் சொல்லுதேன்.”

பாதுகாப்பு என்ற சொல் எங்கள் குடும்பத்தில் வெகுகாலமாக வேலை பார்க்கிறது. அம்மாவை உப்பளத்துக்குப் போகவேண்டாம் என்று நிறுத்தியது அது. என்னை உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்தது அது. இப்போது ஜன்னல் இல்லாத அறையையும் வீட்டுத் திண்ணையையும் அம்மாவுக்கு முன்னால் வைத்து, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றது. ஆபத்து பொய் என்று நான் சொல்லவில்லை. படகுக்கும் கப்பலுக்கும் நடுவே கால் சிக்கினால் எலும்பு முறியும். ஆனால் ‘அவளால் முடியுமா?’ என்பது ஒரு கேள்வி, ‘அவள் போக என்ன வேண்டும்?’ என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிடும். இரண்டாவதைக் கேட்டால் வேலை தொடங்கும்.

அண்ணன் மகள் அந்த வருஷம் பள்ளியில் ‘தாரிணி’ படகைப் பற்றிப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்திருந்தாள். இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள், ஐம்பத்தைந்து அடிப் பாய்மரப் படகில், 2017 செப்டம்பரில் கோவாவில் கிளம்பி உலகைச் சுற்றிவிட்டு 2018 மே மாதம் திரும்பியிருந்தார்கள். “ஆச்சி அவ்ளோ தூரமா போகப் போறா? படகுல ஏறி இறங்கத்தான போறா” என்றாள். அம்மாவுக்கு வேறு சான்று இருந்தது. “உப்பளத்து வரப்புல பொட்டியத் தலையில வச்சிக்கிட்டு நடந்தவளுக்கு எங்க கால வைக்கணும்னு தெரியும்ல” என்றாள்.

என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டோம். எலும்பு மருத்துவரிடம் காட்டி முழங்கால் உறை வாங்கினோம். குமட்டலுக்கு மாத்திரையும் இஞ்சி மரப்பாவும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்டோம்; ஆட்டம் குறைவாகத் தெரிவது அங்கேதான். அக்டோபர் முதல் மே நடுவரை பயணக் காலம் என்றாலும் டிசம்பருக்குப் பின் கடல் அமைதி என்பதால் ஆண்டுக் கடைசி வாரத்தை எடுத்தோம். அலை பெரிதாக இருந்தால் அம்மாவும் நானும் இறங்காமல் கப்பலிலேயே இருப்பது, அதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்று பேசி வைத்தோம். மதினி ஒரு வாரம் வீட்டுப் படியில் அம்மாவைத் தினமும் ஏற்றி இறக்கினாள். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று நான் எழுதப்போனபோது அம்மா, “கப்பக்காரன் பொண்டாட்டின்னு எழுது, அதுவும் தொழில்தான்” என்றாள். எழுதவில்லை. இன்றைக்கும் அதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை.

கொச்சியில் வில்லிங்டன் தீவுத் துறையில் ஏறியபோதுதான் அது வெறும் சுற்றுலாக் கப்பல் இல்லை என்பது கண்ணில் பட்டது. தீவுக்காரர்களுக்கு அதுதான் பேருந்து. கொச்சி ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுத் திரும்புகிற பெண், கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற பெண்கள், காய்கறி மூட்டைகளோடு ஒரு பாட்டி. அவர்கள் பேசும் மலையாளமும் அம்மாவின் தூத்துக்குடித் தமிழும் ஒரு மணி நேரத்தில் சமாதானமாகிவிட்டன. வட்டமான ஜன்னல் ஒன்று எங்கள் அறையில் இருந்தது. அம்மா இரவு இரண்டு முறை எழுந்து அதன்வழியே இருட்டைப் பார்த்தாள்.

கல்பேனியில் படகு ஒட்டியதும் அம்மா சேலையை முழங்கால்வரை ஏற்றி இடுப்பில் செருகினாள். அண்ணன் பதறி, “அம்மா, எல்லாரும் பாக்காங்க” என்றான். அவள் அதைக் காதில் வாங்காமல் கப்பல் பணியாளிடம், “கையப் பிடிக்காத, முழங்கையப் பிடி” என்றாள். பாரம் சுமந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம் அது. உள்ளங்கை வேர்வையில் நழுவும், முழங்கை நழுவாது. படகு எழுந்த நொடியில் கால் வைத்தாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அடுப்பைப் பார்த்தாள். உணவுக்கூடத்தில் பரிமாறியவரிடம் மதினிதான் கேட்டாள்: “எங்க மாமா பண்டாரியா இருந்தவங்க, அத்தைக்கு அடுப்பைப் பாக்கணுமாம்.” வாசலில் நின்று பார்க்க விட்டார்கள். ஆட்டத்தில் பாத்திரம் சரியாமல் இருக்க அடுப்பின் விளிம்பைச் சுற்றி இரும்புக் கம்பி போட்டிருந்தது. அனல் முகத்தில் அடித்தது. கப்பல் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. சமையல்காரர் காலை அகட்டி ஊன்றி நின்றபடி கிண்டிக்கொண்டிருந்தார். அம்மா வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் சொன்னாள்: “இந்த ஆட்டத்துல நின்னு இருவத்தஞ்சு பேருக்கு ஆக்கிப் போட்ட மனுசன். வீட்டு அடுப்பு ஆடாமத்தானட்டி நின்னுச்சு.”

அப்பாவின் சிரமத்தை அவள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். அந்தச் சிரமத்தின் பெயரால் தனக்குக் கிடைக்காமல் போனதையும் அதே நொடியில் பார்த்தாள். ஒன்றைப் பார்த்ததால் மற்றது சின்னதாகிவிடவில்லை. பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைப் பற்றிப் பேசும்போது, ஒன்று இரக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் குற்றம் சாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அம்மா இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

மினிக்காய் மற்றத் தீவுகளைப் போல மலையாளம் பேசுவதில்லை. அங்கே பேசப்படுவது மாலத்தீவு மொழியோடு உறவுள்ள மஹல். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவின் ஆண்கள் சரக்குக் கப்பல்களில் மாலுமிகள். ஆண்டின் பெரும்பகுதி அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். ஆக, எங்கள் தெருவைப் போன்ற ஊர்தான். ஆனால் அங்கே கல்யாணமானதும் கணவன்தான் மனைவி வீட்டுக்குப் போகிறான். வீட்டின் பெயர் பெண்வழியில் வருகிறது. ஒவ்வொரு கிராமத்திலும் ஆண் தலைவரோடு ஒரு பெண் தலைவியும் உண்டு. நாங்கள் போன வீட்டில் எங்கள் வழிகாட்டி மொழிபெயர்க்க, அம்மா நேராகக் கேட்டாள்: “வீடு யாரு பேர்ல?” அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அம்மாவுடையது, பிறகு என்னுடையது, பிறகு இவளுடையது என்று தூணைப் பிடித்து நின்ற சிறுமியைக் காட்டினாள். அவள் கணவரும் கப்பலில்தான் இருந்தார். தூத்துக்குடிக்கு வந்திருக்கிறாராம்.

மானிடவியலாளர் லீலா துபே, கல்பேனித் தீவை வைத்து 1969இல் ‘மாட்ரிலினி அண்ட் இஸ்லாம்’ என்ற நூலை எழுதினார். தாய்வழிச் சொத்துமுறையும் இஸ்லாமும் ஒரே ஊரில் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதைப் பேசும் நூல். அந்தத் தீவுகளில் சொத்துக்கு இரண்டு கிழமைகள் உண்டு. தாய்வழியில் குடும்பத்துக்குப் பொதுவாக வருவது வெள்ளிக்கிழமைச் சொத்து. ஒருவர் தானாகச் சம்பாதித்தது திங்கட்கிழமைச் சொத்து. இது இஸ்லாமியச் சட்டப்படி பிரியும். இதையெல்லாம் சொல்வதால் லட்சத்தீவைப் பெண்களின் சொர்க்கமாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. தாய்வழிக் குடும்பத்திலும் நிர்வாகம் பெரும்பாலும் தாய்மாமன் கையில் இருந்திருக்கிறது. அங்கிருந்து மக்களவைக்குப் போனவர்கள் எல்லாரும் ஆண்கள்தான்.

ஆனாலும் நெய்தல் பற்றி நான் எழுதிய ஆய்வேட்டை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி யோசித்தேன். கடல் ஆணைக் கொண்டுபோகிறது, அதனால் பெண் இரங்குகிறாள் என்று இருநூறு பக்கம் எழுதியிருந்தேன். கடல் அந்த மினிக்காய்ப் பெண்ணின் கணவரையும்தான் கொண்டுபோயிருந்தது. பிரிவு அவளுக்கும் வலிக்கும். ஆனால் அவள் தன் வீட்டில், தன் தாயோடு, தன் பெயர் நிலைக்கும் இடத்தில் காத்திருக்கிறாள். என் அம்மா இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் எண்ணிக் கொடுக்கும் பணத்தில் காத்திருந்தாள். இரங்கலின் கனம் கடலின் தூரத்தில் மட்டும் இல்லை, காத்திருக்கும் வீடு யாருடையது என்பதிலும் இருக்கிறது. என் மாணவிகளுக்கு இப்போது நெய்தலை இப்படித்தான் நடத்துகிறேன்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து அம்மா வீட்டுப் பத்திரத்தைக் கேட்டாள். அப்பா உயில் எழுதவில்லை. சட்டப்படி அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சம பங்கு. “எதுக்கும்மா? எல்லாம் ஒண்ணுதான?” என்றான் அண்ணன். “ஒண்ணுதான்னா எழுதிக் குடு” என்றாள் அம்மா. சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் பிறகு வந்து கையெழுத்துப் போட்டான். பங்கை இப்படி விட்டுக்கொடுக்கும் ஆவணத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். எந்தக் கவிஞரும் வைத்த பெயர் இல்லை அது.

இதைப் படிக்கிற மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் யாராவது பயணத் திட்டத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். கப்பலாக இருக்கலாம், கொடைக்கானல் வேனாக இருக்கலாம். எவ்வளவு ஆகும், எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஜன்னல் யாருக்கு? அங்கே போயும் சமைக்கப் போவது யார்? ‘அவளுக்குக் கஷ்டம்’ என்று யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ, அவளிடம் யாராவது கேட்டார்களா? சிறிய கப்பல்தான் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கான உடம்பும் காலமும் அமைய வேண்டும். கூட வரும் ஒவ்வொருவரும் எதற்காக வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற அளவில் கப்பலைத் தேடினால் போதும். எங்களுக்கு அந்த அளவு எழுநூறாக இருந்தது.

2024 ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மறுபடி கப்பல் விட்டபோது அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். பேப்பரில் பார்த்திருக்கிறாள். “எத்தன பேர் ஏறுத கப்பல்னு விசாரிச்சுச் சொல்லு” என்றாள். நூற்றைம்பது பேர் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஒன் மதினிகிட்டயும் கேளு, வாராளான்னு” என்றாள்.